மை நிரப்பி அனுப்பிய பேனா

தபாலில் எதையெல்லாம் அனுப்பக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெடிக்கும் பொருள், உயிருள்ள பிராணி, ஒழுகும் திரவம். இவற்றில் மூன்றாவதை நான் அனுப்பியிருக்கிறேன். அதுவும் பாகூர் துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக உட்கார்ந்துகொண்டு, நானே எடை போட்டு, நானே தபால்தலை ஒட்டி, எனக்கு நானே ரசீது கிழித்துக் கொடுத்து அனுப்பினேன்.

கவுண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு விதிகளைச் சொல்லித்தர இதை எழுதவில்லை. விதிப்புத்தகம் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இருந்ததைவிடப் புதிய பதிப்பு. அதில் இல்லாத ஒரு விஷயத்தில் நான் தவறினேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த வயதிலும், அது நினைவுக்கு வந்தால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார முடிகிறது.

எழுபதுகளின் நடுவில் நான் பாகூருக்கு மாற்றலாகி வந்தேன். ஒரு போஸ்ட்மாஸ்டர், ஒரு தபால்காரர், அவ்வளவுதான் அலுவலகம். பஜார் தெருவில் ஓட்டுக் கட்டடம். தபால்காரர் அந்தோணிசாமி என்னைவிட வயதில் மூத்தவர். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்போது என்னிடம் ஒரு பெரிய கறுப்புப் பேனா இருந்தது. கழுத்தைத் திருகி, சொட்டுக் குழலால் கட்டைக்குள் நேராக மை ஊற்றும் வகை. ஒருமுறை நிரப்பினால் ஒரு வாரம் வரும். என் டைரியை அதில்தான் எழுதுவேன். ரசீதும் அதில்தான். மாதங்கள் போகப் போக அதன் கழுத்துத் திருகில் மை கசியத் தொடங்கியது. சோப்புக்கட்டி தேய்த்துப் பார்த்தேன், நூல் சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எப்போதும் ஊதாவாகவே இருக்கும். மணியார்டர் வாங்க வருகிறவர்கள், "முத்திரைய ஏன் சார் தேடுறீங்க, வெரலாலயே குத்திடுங்க" என்று சிரிப்பார்கள்.

பேனாவோடு வந்த அட்டையில், பழுது ஏற்பட்டால் மதராஸில் உள்ள தொழிற்சாலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவும், பழுதின் தன்மையைத் தெளிவாக எழுதவும் என்று போட்டிருந்தது. தெளிவாக எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு முழுப் பக்கத்துக்குப் பழுதை விவரித்தேன். எழுதி முடித்துப் படித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பேனா காலியாகப் போய்ச் சேர்ந்தால் அவர்கள் கசிவை எப்படிப் பார்ப்பார்கள்? நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அதனால் விளிம்புவரை மை நிரப்பினேன். ஒற்றுத்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, துணி போட்டுத் தைத்து, அரக்கு வைத்தேன். என்னைவிட ஒழுங்காக ஒரு பொட்டலத்தை எவனும் கட்டியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அன்று மத்தியானம் கலியபெருமாள் வந்தார்.

எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ரஹீம் பாயின் வெல்லமண்டி. கரும்பு ஆட்டும் காலத்தில் வாசல் முழுக்க மாட்டுவண்டி நிற்கும். கலியபெருமாள் அங்கே பத்து வருஷத்துக்கு மேலாக இருந்தார். எடை பார்ப்பது, வசூல், கிடங்குச் சாவி, பணப்பெட்டிச் சாவி எல்லாம் அவர்தான். பாய் வெளியூர் போனால் கடை அவர் பொறுப்பு. சாவிக்கொத்தை இடுப்புக் கயிற்றில் கட்டியிருப்பார். அவர் நடந்தால் அதன் சத்தம் எங்கள் கவுண்டர் வரை கேட்கும். பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. சாவி வைத்திருப்பவர் வேறு வேலை தேடுகிறார் என்று தெரிந்தால் அன்றைக்கே சாவி கைமாறிவிடும். கோபத்தால் செய்வதில்லை. போகப்போகிறவனிடம் பெட்டியை எப்படி விடுவது என்ற நியாயம்தான். பாகூரில் இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாவிச் சத்தம் கேட்கவில்லை. கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பாய் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரம். செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினார். புதுச்சேரியில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் விலாசம். இடது மூலையில், கிடங்குக் காப்பாளர் பதவிக்கான விண்ணப்பம் என்று கோடு போட்டு எழுதியிருந்தது.

"பதிவுத் தபால் சார். நாளைக்கிக் காலைல போயிச் சேந்துடும் இல்ல? நாளைக்கி ஒரு மணியோட முடியுது."

"போய்டும். சாயங்கால பஸ்ஸில் பை போகும்."

"இந்தத் தபா உட்டா அடுத்த தபா வயசு தாண்டிடும் சார்."

ரசீதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று பதிவுத் தபால் இரண்டே இரண்டுதான். அவருடைய உறை, என் பொட்டலம். இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிப் பையில் வைத்தவன் நான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்த பையை அந்தோணிசாமி பிரித்தார். உள்ளே கையை விட்டவர், "ஏசுவே" என்றார். அவர் விரலும் ஊதாவாகிவிட்டது. புதுச்சேரியில் பிரிக்கும்போதே கட்டு முழுக்க மையாக இருந்திருக்கிறது. விலாசம் படிக்க முடியவில்லை, அனுப்பியவரிடம் சேர்க்கவும் என்ற குறிப்போடு கலியபெருமாளின் உறையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என் பொட்டலத்தில் விலாசத்தைத் துணியின் மேல் தார் தொட்டு எழுதியிருந்தேன். அது மைக்கு மசியவில்லை. ஆகவே என் பேனா மதராஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மை உள்ளே இருந்த காகிதம் வரை இறங்கியிருந்தது. புது உறை போட்டால் போதாது. விண்ணப்பத்தையே மறுபடி எழுத வேண்டும், அவரே கையெழுத்துப் போட வேண்டும், ஒரு மணிக்குள் நேரில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். புதுச்சேரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அப்போது மணி ஒன்பதரை. நேரம் இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். நேரம் இருந்தது.

அந்தோணிசாமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க இருங்க சார். நான் போயி, மணியார்டர் பாரத்துல ஒரு கையெழுத்து உட்டுப்போச்சுன்னு சொல்லி இட்டாந்துடறேன்."

"பொய் சொல்லிக் கூப்பிட வேண்டாம். தப்பு என்னுது. நானே போய்ச் சொல்கிறேன்."

"சார், அங்க பாய் இருப்பாரு."

"இருக்கட்டும். மறைக்க என்ன இருக்கிறது?"

என்னிடம் மறைக்க எதுவும் இல்லைதான். அந்தோணிசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

தெருவைக் கடக்கும் அந்த இருபது முப்பது அடிக்குள் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வரிசைப்படுத்திக்கொண்டேன். எதையும் விடக் கூடாது, எதையும் குறைத்துச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கவலை. முகம் கொதித்தது. சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டால் கொதிப்பு அடங்கும் என்று தோன்றியது.

மண்டியில் பாய் பலகை மேல் உட்கார்ந்து வெல்லத்தை உடைத்து வாயில் போட்டு ருசி பார்த்துக்கொண்டிருந்தார். குருவிநத்தம் பக்கத்திலிருந்து வந்த இரண்டு கரும்புக்காரர்கள் விலைக்காகக் காத்திருந்தார்கள். கலியபெருமாள் தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாங்க சார், வாங்க" என்றார் பாய். "இன்னா, இன்னைக்கி ரெண்டு கையும் ஊதா? முழுசா முங்கி எழுந்தீங்களா?"

கரும்புக்காரர்கள் சிரித்தார்கள். "சீமந்தத்துக்கு மருதாணி வச்சாப்புல கீது" என்றார் ஒருவர்.

அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டு, கலியபெருமாளைப் பார்த்து, கொஞ்சம் ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போங்க என்று சொல்லியிருக்கலாம். ஐந்தாறு சொல். நான் உறையை உயர்த்திப் பிடித்தேன்.

"கலியபெருமாள், நேற்று மத்தியானம் நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய கிடங்குக் காப்பாளர் வேலை விண்ணப்பம், என் பேனாவிலிருந்து மை ஒழுகிக் கெட்டுப்போய்விட்டது. விலாசம் படிக்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறது. இன்று ஒரு மணிக்குள் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தப்பு முழுக்க என்னுடையது. என்னை மன்னிக்க வேண்டும்."

ஏறக்குறைய இப்படியேதான் சொன்னேன். பேச்சுத் தமிழில்கூட இல்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு கலியபெருமாளின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் வாயில் இருந்த வெல்லத்தை விழுங்கினார். "அப்புடியாப்பா?"

"ஆமா பாய்."

"சர்க்கார் உத்தியோகமா?"

"ஆமா பாய். கெடைச்சா அப்பறம் சொல்லலாம்னு..."

"இன்னைக்கிக் கடைசியாமே. அப்பறம் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கெளம்பு." குரலில் கோபம் இல்லை. பாய் வெல்லத் துண்டைக் கீழே வைத்துவிட்டு விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சாவிய வச்சிட்டுப் போ."

கலியபெருமாள் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். இறுகிப்போன முடிச்சு, அவிழ நேரமானது. கரும்புக்காரர்கள் இருவரும் தெருவில் போகும் வண்டியைப் பார்க்கத் தொடங்கினார்கள். கொத்தைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு என் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டு இறங்கி நடந்தார்.

எங்கள் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர் விண்ணப்பத்தை மறுபடி எழுதினார். நல்ல தாள் கொடுத்தேன். பேனா இல்லாததால் அந்தோணிசாமி பக்கத்துக் கடையில் ஒரு பால்பாயிண்ட் வாங்கிவந்து கொடுத்தார். கலியபெருமாள் எழுதி முடித்து உறையில் போட்டார். பஸ் சத்தம் கேட்டதும் எழுந்தார். "நானும் கூட வருகிறேன், அங்கே நடந்ததை எடுத்துச் சொல்கிறேன்" என்றேன்.

"வேணாம் சார்" என்றார். "நீங்க வந்தா அங்கயும் எல்லாத்தையும் சொல்லுவீங்க."

நேரத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதம் என் கை வழியாகத்தான் போனது. வேலை கிடைக்கவில்லை. யாருக்குக் கிடைத்தது, ஏன் கிடைத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மையால் கிடைக்காமல் போகவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

பாய் அவரை வேலையிலிருந்து அனுப்பவில்லை. சம்பளத்தையும் குறைக்கவில்லை. ஆனால் சாவிக்கொத்து பாயின் தங்கை மகன் இடுப்புக்குப் போய்விட்டது. கலியபெருமாள் எடை மட்டும் பார்த்தார். கிடங்கு திறக்க வேண்டுமென்றால் அந்தப் பையனைக் கூப்பிட்டு நிற்பார். பத்து வருஷம் தானே திறந்து மூடிய கதவுக்கு முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என் நாற்காலியிலிருந்து நேராகத் தெரியும். நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் சாவிச் சத்தம் கேட்டது.

இலாகா விளக்கம் கேட்டது. ஒழுகும் திரவத்தை ஏற்றுக்கொண்டது ஏன் என்று. மூன்று பக்கம் எழுதினேன். எச்சரிக்கை என்று என் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அதை வாங்கிக்கொள்ள எனக்குச் சிரமமாக இல்லை. சொல்லப்போனால் ஆசையாக வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர்கள் கேட்டது மைக்கான விளக்கம்தான். மண்டியில் நின்று நான் பேசியதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

பேனா சில வாரத்தில் திரும்பி வந்தது. கழுத்தைப் புதிதாகக் கடைந்து போட்டு, நிப்பைத் துடைத்து, பளபளவென்று அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அந்தோணிசாமி அதை எடுத்து உரக்கப் படித்தார். "பழுது நீக்கப்பட்டது. இனிமேல் மையைக் காலி செய்து அனுப்பவும்." படித்துவிட்டுக் கவுண்டரைத் தட்டிச் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் பாய் மணியார்டர் அனுப்ப வந்தார். கூட்டம் இல்லை. தயங்கித் தயங்கி, "கலியபெருமாள் மேல் கோபமா பாய்?" என்று கேட்டேன்.

"கோவம் இன்னா சார் கோவம். எம்மா நாளு எங்கிட்ட இருந்தவன். நல்லா இருக்கட்டும்." பாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா அவன் வாயால நான் கேக்கலயே. கரும்புக்காரன் ரெண்டு பேரு குந்திகினு இருக்கான், அடுத்தவங்க நீங்க வந்து எனக்குச் சொல்றீங்க. அப்பறம் நான் சாவிய வாங்காம இருந்தா பஜாருல இன்னா பேசுவானுங்க?"

"தப்பு என்னுது பாய்."

"அதத்தான் அன்னைக்கே சொன்னீங்களே" என்றார். பணத்தை எண்ணி வைத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு போனார்.

கலியபெருமாள் வாயால் தனியாகக் கேட்டிருந்தால் பாய் சாவியை வாங்கியிருக்க மாட்டார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. என்றைக்காவது ஒருநாள் கலியபெருமாள் தானே போய்ச் சொல்லியிருப்பார். எந்த நாள், எந்த வார்த்தை என்பது அவர் பொறுப்பில் இருந்தது. அதை நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கவுண்டரில் தப்பு நடக்கும். எடை தப்பும், பை மாறும், மை கொட்டும். அப்போது உங்களுக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை உடனே இறக்கிவைக்கத் தோன்றும். அதை நேர்மை என்றும் நினைத்துக்கொள்வீர்கள், நான் நினைத்ததைப்போல. இறக்கிவைப்பதற்கு முன்னால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மன்னிப்பை எங்கே வைத்துக் கேட்பது என்பதைத் தப்பு செய்தவர் முடிவு செய்யக் கூடாது. அன்றிலிருந்து யாரை அழைக்க வேண்டியிருந்தாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி அனுப்பினேன். ஒரு கையெழுத்து வேணும், ஆபீஸ் பக்கம் வரச் சொல்லுங்க. சாவுத் தந்தியானாலும், வேலை உத்தரவானாலும் அதேதான். பிற்காலத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இதற்காக என்னைக் கேலி செய்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கலியபெருமாள் எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதமும் போடவில்லை. மண்டியின் வாசலுக்கு நேரே எங்கள் தபால்பெட்டி தொங்கியது. அவர் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்ப் பதிவுத் தபால் போட்டார். சேர்ந்ததற்கான ஒப்புதல் அட்டைகள் அவர் பெயருக்கு எங்களிடம் வரும்போது, எந்த அலுவலகத்தில் போட்டது என்பதை முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். அந்த அட்டைகளை அந்தோணிசாமி மண்டிக்குக் கொண்டுபோக மாட்டார். கலியபெருமாளின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். நான் சொல்லிச் செய்ததில்லை.

சில வருஷம் கழித்து, எனக்கு அடுத்த மாற்றல் உத்தரவு வந்திருந்த சமயம், சேதராப்பட்டில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து கலியபெருமாள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. தடிமனான உறை. என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். அந்தோணிசாமியிடம் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினேன்.

கலியபெருமாள் உடனே வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், பாய் பள்ளிவாசலுக்குப் போன பிறகு வந்தார். உறையை எடுத்து வைத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, என் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன். பழுது பார்த்து வந்த நாளிலிருந்து அது ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை.

"இருக்குது சார்" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு பால்பாயிண்ட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அங்கேயே பிரித்துப் படித்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கியவர், நின்று திரும்பினார்.

"பாய்கிட்ட நானே சொல்லிக்கிறேன் சார்."

"சரி" என்றேன்.

தொழுகை முடிந்து பாய் வந்து பலகை மேல் உட்காருவதும், கலியபெருமாள் தராசை விட்டு அவர் பக்கம் நகர்வதும் ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்தது. நான் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.